புளிச்சைக்கு எத்தனை அடி இடைவெளி? போன வருசம் நெருக்கி விதைத்து விளைச்சலை விட்டேன்

தாராபுரம்_தோட்டம் | மே 18

எல்லோருக்கும் வணக்கம். தாராபுரம் பக்கம் செம்மண் சரளைக் காடு, கிணற்றுத் தண்ணீர், சொட்டுநீர். போன வருசம் வைகாசியில் அரை ஏக்கர் சிவப்புப் புளிச்சை போட்டேன். கீரைக்கு இல்லை, காய்க்கு. காயைச் சுற்றி இருக்கும் சிவப்பு இதழை உரித்துக் காயவைத்து டீக்குக் கொடுப்பதுதான் திட்டம்.

சின்ன வெங்காயத்துக்குப் போட்ட குழாய் அப்படியே கிடந்தது. அதை மாற்றாமல் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி என்று ஊன்றிவிட்டேன். ஆடி வரைக்கும் பார்க்கக் கண் நிறைந்திருந்தது. ஆவணியில் என் தலைக்கு மேலே போய்விட்டது. உள்ளே நுழைந்தால் வெளிச்சமே இல்லை. இடுப்பு உயரம் வரை ஒரு இலை கிடையாது, பக்கக் கிளை கிடையாது, வெறும் குச்சி. ஐப்பசியில் பூத்தபோது உச்சியில் ஒரு முழத்துக்குள்தான் அத்தனை பூவும். மழையோடு காற்றும் சேர்ந்து பாதிக்காட்டைச் சாய்த்துவிட்டது.

ஆனால் வரப்பை ஒட்டிய செடிகள் குடை விரித்த மாதிரி நின்றன. ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். ஓரத்துச் செடி ஒன்றில் 140 காய். அதே பாத்தியில் நடுவே இருந்த செடியில் 17.

இந்த வருசம் ஒரு ஏக்கர் போடலாம் என்றிருக்கிறேன். மூன்றடிக்கு மூன்றடியா, இரண்டடிக்கு இரண்டடியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மேட்டாங்காடு | மே 18

தம்பி, இடைவெளி இருக்கட்டும், முதலில் விதையைச் சொல். புளிச்சையில் காய்க்கு ஆகிற வகை வேறு, நாருக்கு ஆகிற வகை வேறு. காய் வகை தானாகவே கிளைத்துப் புதர் கட்டும். நார் வகை ஒரே தண்டாக இரண்டு ஆள் உயரத்துக்குப் போகும், அதன் காயில் சதைப்பற்று இருக்காது. அந்த விதை கலந்திருந்தால் பத்தடி இடம் விட்டாலும் கிளைக்காது.

எங்கள் அப்புச்சி காலத்தில் காங்கேயம் பக்கம் கட்டிலுக்கும் மாட்டுக் கயிற்றுக்கும் புளிச்ச நார்தான். அது பெரும்பாலும் தண்டில் சுனை உள்ள இன்னொரு சாதி, சோளக்காட்டு ஓரத்தில் நெருக்கமாகத் தூவி விடுவார்கள். நெருக்கினால்தான் கிளை வராது, தண்டு கணு நீண்டு நேராக வரும், நார் அறுபடாமல் உரியும். பூ எடுக்கிற சமயத்தில் அறுத்துக் கட்டாகக் கட்டிக் குட்டைத் தண்ணீரில் கல்லேற்றி ஊறப்போடுவார்கள். இரண்டு வாரம் கழித்துக் கையில் எடுத்தால் வழவழவென்று தோல் கழன்று வரும். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

நீ போன வருசம் செய்தது நாருக்கான நடவு. நாருக்கு அது குறையே இல்லாத நடவு. காய்க்கு அது ஆகாது.

---

தாராபுரம்_தோட்டம் | மே 18

விதை காய் வகைதான் அண்ணா. ஓரத்துச் செடிகள் கிளைத்து, காய் தடித்துத்தான் இருந்தது. அதிலிருந்துதான் விதையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

---

கீரைப்பாத்தி | மே 19

நான் கோபி பக்கம், வாய்க்கால் பாசனம். வாரம் இரண்டு நாள் உழவர் சந்தைக்குக் கீரை கொண்டு போகிறேன். கீரைக்கு நெருக்கம்தான் வேண்டும். பாத்தியில் தூவி மண்ணைக் கிளறி மூடிவிட்டால் 25, 30 நாளில் ஒரு முழம் வரும், வேரோடு பிடுங்கிக் கட்டலாம். நெருக்கத்தில் வளர்ந்தால் தண்டு பென்சில் கனம்கூட வராது, நகத்தால் கிள்ளினால் நறுக்கென்று ஒடியும். கடைசலுக்கு அந்தப் பதம்தான் வேண்டும். இடம் விட்டு வளர்த்தால் இலை அகலமாக வரும், ஆனால் காம்பு முற்றிவிடும், சந்தையில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

பிடுங்காமல் அறுத்து அறுத்து விற்கிறவர்கள் வரிசைக்கு ஒரு அடி, செடிக்கு அரை அடி விடுவது நல்லது. முதல் அறுப்புக்கு அப்புறம் பக்கத்துளிர் வர வெளிச்சம் வேண்டும்.

ஆனால் ரொம்பவும் கொட்டிவிடக் கூடாது. ஒரு மழைக்காலத்தில் விதை கொஞ்சம் கூடிப் போச்சு. தண்ணீர் வடியாத மூலையில் நாற்றுக் கழுத்து அழுகி, பாய் விரித்த மாதிரி வட்டம் வட்டமாகப் படுத்துவிட்டது. அந்த நெருக்கத்தில் காற்றுப் புக இடமில்லை.

---

வேளாண்_மாணவி | மே 19

கோவையில் படிக்கிறேன், வீடு அன்னூர் பக்கம். தாராபுரம் அண்ணா எண்ணிய 140க்கும் 17க்கும் காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

புளிச்சையில் பூ கொத்தாக வராது. இலைக்கணுவுக்கு ஒரு பூ. அதனால் காய் எண்ணிக்கை என்பது வெளிச்சம் படுகிற கணுக்களின் எண்ணிக்கைதான். கிளை கூடினால் கணு கூடும். பக்கத்தில் இன்னொரு செடி இருப்பதை இது நிழல் விழும் முன்பே கண்டுகொள்ளும். இலை சிவப்பொளியை உறிஞ்சிவிட்டு, அதற்கடுத்த தூரச் சிவப்பொளியைத் திருப்பி அனுப்பும். அந்த ஒளி பக்கத்துச் செடியின் மேல் விழுந்ததும் அது கிளைவிடுவதை நிறுத்திவிட்டுத் தண்டை நீட்ட ஆரம்பிக்கும். போட்டியில் முந்துவதற்காக. நீண்ட தண்டு, தூரத் தூரக் கணு, கீழ் இலை உதிர்வு, உச்சியில் மட்டும் பூ. நீங்கள் எழுதியது வரிக்கு வரி இதுதான்.

இப்போது ஏக்கர் கணக்கு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒன்றரைக்கு ஒன்று நட்டால் 29,040 செடி. இரண்டுக்கு இரண்டு என்றால் 10,890. மூன்றுக்கு மூன்று என்றால் 4,840. இடம் விடவிட ஒரு செடியின் விளைச்சல் கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நமக்கு வேண்டியது ஏக்கர் விளைச்சல். அது செடி எண்ணிக்கை கூடக்கூட ஒரு அளவு வரை ஏறும், அப்புறம் நிற்கும், காய்ப் பயிரில் அதற்கும் மேலே நெருக்கினால் இறங்கும். மொத்தப் பச்சையும் தண்டும் அவ்வளவாக இறங்காது. அதனால்தான் கீரைக்கும் நாருக்கும் நெருக்கம் தாங்குகிறது, காய்க்குத் தாங்குவதில்லை.

ஒரு எச்சரிக்கை. 140ஐ 4,840ஆல் பெருக்கி ஆறே முக்கால் லட்சம் காய் என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம். ஓரத்துச் செடிக்கு வரப்புப் பக்கத்து வெளிச்சமும் மண்ணும் இலவசமாகக் கிடைத்தது. காட்டுக்குள் இருக்கும் செடிக்கு அது கிடைக்காது. வாசலில் நிற்கும் ஒற்றைச் செடியைப் பார்த்து ஏக்கருக்குக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

என்னைக் கேட்டால் இடைவெளிக்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்த மாதம் விதைக்கிறீர்கள் என்பது. புளிச்சை பகல் குறைந்தால் பூக்கும் பயிர். பகல் பொழுது பன்னிரண்டு, பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கும் வரை இலையும் தண்டுமாகப் போட்டுக்கொண்டே இருக்கும். நம் பக்கம் ஜூன் கடைசியில் பகல் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி நேரம், டிசம்பரில் பதினொன்றரை. அதனால் வைகாசியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் பூ வருவது புரட்டாசிக் கடைசி, ஐப்பசியை ஒட்டித்தான். வைகாசிச் செடிக்கு நாலு மாதத்துக்கு மேல் வளர நேரம் இருக்கிறது. ஆவணிச் செடிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. முதலாவது நாலடி அகலம் கேட்கும். இரண்டாவது இரண்டடியைத் தாண்டாது. இரண்டுக்கும் ஒரே இடைவெளி சொன்னால் ஒன்று நெருக்கம், இன்னொன்று வெற்றிடம்.

---

மேட்டாங்காடு | மே 19

மாணவி சொன்னது சரி. மானாவாரியில் ஆடி கடைசிக்கு மேல் போட்ட புளிச்சை முழங்கால் உயரத்திலேயே பூத்ததைப் பார்த்திருக்கிறேன். மழை பத்தவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

---

செங்கரடு | மே 20

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. மூன்றடி விட்டால் இரண்டு மாதத்துக்கு வெயில் நேரே மண்ணில் விழும். அருகும் கோரையும் சும்மா விடுமா? பெருந்துறை பக்கம் எங்கள் காட்டில் களைக்கொத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. இரண்டடியில் 45, 50 நாளில் செடி தரையை மூடிவிடும், ஒரு களையோடு முடியும். கொஞ்சம் விளைச்சல் குறைந்தாலும் எனக்கு இரண்டடிதான் கட்டும். முளைக்காமல் போன குழியும் கண்ணில் படாது, பக்கத்துச் செடி வந்து நிரப்பிவிடும். மூன்றடியில் ஒரு குழி போனால் ஒன்பது சதுர அடி போச்சு.

---

வேளாண்_மாணவி | மே 20

களைக் கணக்கு நியாயம்தான் அண்ணா, அதை நான் விட்டுவிட்டேன். அந்த இரண்டு மாத வெற்றிடத்தில் பாசிப்பயறு ஒரு வரிசை போட்டால் 60, 65 நாளில் எடுத்துவிடலாம், புளிச்சை கிளைவிட்டு மூடும்போது பயறு வீட்டில் இருக்கும். வெண்டை மட்டும் வேண்டாம். வெண்டை, பருத்தி, புளிச்சை மூன்றும் ஒரே குடும்பம். மாவுப்பூச்சியும் வேர்முடிச்சு நூற்புழுவும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்.

---

கீரைப்பாத்தி | மே 20

பயறு எதற்கு, புளிச்சையையே போடலாமே! மூன்றடி வரிசையில் செடிக்கு அரை அடி என்று நெருக்கி ஊன்றுங்கள். 30 நாளில் நடுவில் உள்ளதையெல்லாம் வேரோடு பிடுங்கிக் கட்டினால் கீரை. அதற்கு மேலே இடைவெளிக்கு ஒன்று என்று நிறுத்திய செடி காய்க்கு. கலைப்புக்குக் கூலி கொடுக்காமல் கலைப்பே காசாகும். சிவப்புத் தண்டுக்குப் புளிப்புக் கூட, அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் 30 நாளைத் தாண்ட விடாதீர்கள். இன்றைக்கு நாளைக்கு என்று ஒத்திப்போட்டால் நிற்க வேண்டிய செடியும் அதற்குள் ஒல்லியாக நீண்டிருக்கும். அப்புறம் இடம் கொடுத்தாலும் கீழ்க்கிளை திரும்பி வராது.

---

பல்லடம்_மேற்கு | மே 21

யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடி இரண்டு மாதமும் பல்லடம், தாராபுரம், உடுமலைக் காட்டை உலுக்கி எடுக்கும். சும்மாவா இத்தனை காற்றாலை நிறுத்தியிருக்கிறார்கள்? தனியாக நிற்கும் இளஞ்செடி அடியில் ஆடி ஆடி, தண்டைச் சுற்றி மண்ணில் விரல் நுழைகிற அளவு குழி விழுந்துவிடும். அந்தக் குழியில் தண்ணீர் நின்றால் தண்டழுகல். இடம் விட்டு நட்டால் முதல் களையோடு கட்டாயம் மண் அணைக்க வேண்டும்.

சதுரமாகத்தான் நட வேண்டும் என்பதும் இல்லை. நாலடிக்கு இரண்டடி வைத்தால் ஏக்கருக்கு 5,445 செடி, மூன்றுக்கு மூன்றைவிடக் கொஞ்சம் கூடவே வருகிறது. வரிசையைக் கிழக்கு மேற்காகப் போட்டால் காற்று வரிசைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், மழை முடிந்ததும் இலை சீக்கிரம் காயும். வரிசைக்குள் இரண்டடி என்பதால் செடி ஒன்றையொன்று தாங்கும். எல்லாவற்றையும்விட, நாலடிப் பாதையில் கூடையோடு நடந்து போய்ப் பறிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மூன்றடிச் சதுரமும் மூடிக்கொள்ளும், எந்தப் பக்கம் நுழைந்தாலும் கிளை ஒடியும். பறிக்கிறவர் கையும் காலும் போக வழி விடாத இடைவெளி காகிதத்தில் எவ்வளவு விளைந்தாலும் கூடைக்கு வராது.

---

தாராபுரம்_தோட்டம் | மே 21

எல்லோருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் நம்பி முழு ஏக்கரையும் போட மனசு வரவில்லை. பட்டை பட்டையாகப் பிரித்து மூன்றையும் போட்டுப் பார்க்கிறேன்.

---

வேளாண்_மாணவி | மே 21

அப்படியே செய்யுங்கள் அண்ணா. எடை பார்க்கும்போது ஒவ்வொரு பட்டையிலும் ஓரத்து இரண்டு வரிசையை விட்டுவிட்டு உள்ளே ஒரே அளவு இடத்தைக் கயிறு கட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். குழிக்கு மூன்று விதை போட்டாலும் கடைசியில் ஒன்றுதான் நிற்க வேண்டும். குழியில் இரண்டு நின்றால் மூன்றடி நடவு என்று எழுதி வைப்பது பொய்க்கணக்கு.

---

தாராபுரம்_தோட்டம் | ஜூலை 27

கீரைக்காகப் பிடுங்கி முடித்தாயிற்று. ஜூன் 25 விதைத்தது. மூன்றுக்கு மூன்று, நாலுக்கு இரண்டு, இரண்டுக்கு இரண்டு, மூன்று பட்டை. ஒரு மூலையைச் சும்மா விட்டிருக்கிறேன், அதில் ஆவணியில் விதைத்து மாணவி சொன்னதையும் பார்த்துவிடலாம்.

காற்று கொஞ்சமில்லை. அடியில் குழி விழுவதை இப்போதுதான் குனிந்து பார்த்தேன், போன வருசம் அந்த நெருக்கத்தில் தெரியவே இல்லை. இன்று முழுக்க மண் அணைத்தோம்.

---

செங்கரடு | ஜூலை 28

களை எப்படி?

---

தாராபுரம்_தோட்டம் | ஜூலை 28

நீங்கள் சொன்னபடிதான். மூன்றடியிலும் நாலடியிலும் இரண்டு களை ஆகிவிட்டது. இரண்டடியில் ஒன்று போதும் போல இருக்கிறது. நாலடிப் பட்டையில் மட்டும் சின்ன களை எந்திரம் தாராளமாக ஓடுகிறது, அதனால் ஆள் செலவு குறைவு.

---

தாராபுரம்_தோட்டம் | அக்டோபர் 19

முதல் பூ விட்டுவிட்டது. வெளிர் மஞ்சள், நடுவில் அடர்சிவப்புப் பொட்டு. காலையில் விரிந்தது மதியத்துக்குள் சுருங்கிவிடுகிறது. ஜூனில் விதைத்ததும் செப்டம்பர் 5 விதைத்த மூலையும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பூத்திருக்கின்றன! மூலைச்செடி என் முழங்காலுக்குச் சற்று மேலே, பழைய செடி நெஞ்சு உயரம். மாணவி எழுதியதைக் கண்ணால் பார்த்தேன்.

மூன்றடிச் செடி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே கிளை பிரிந்திருக்கிறது. இரண்டடிப் பட்டையில் முழங்கால் வரை இலை உதிர்ந்துவிட்டது. ஆனால் போன வருசம் போல இருட்டு இல்லை.

---

தாராபுரம்_தோட்டம் | டிசம்பர் 27

மூன்று பறிப்பு முடிந்தது. ஒவ்வொரு பட்டையிலும் உள்ளே 400 சதுர அடி கயிறு கட்டி, உரிக்காத காயாகவே நிறுத்தேன்.

ஜூன் விதைப்பில் மூன்றுக்கு மூன்று 32 கிலோ, நாலுக்கு இரண்டு 35, இரண்டுக்கு இரண்டு 34. நான் எதிர்பார்த்த பெரிய வித்தியாசம் எடையில் இல்லை. ஆனால் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரிகிறது. மூன்றடிக் காய் கொழுத்து இதழ் தடிப்பாக இருக்கிறது, உரிக்க நேரம் ஆவதில்லை. இரண்டடிக் காய் பொடிசு. அதே எடைக்குக் கூடுதல் காய் பறிக்க வேண்டும், கூடுதல் காய் உரிக்க வேண்டும். பறிக்க வந்த அக்காமார் இரண்டு பேரும் மூன்றாம் பறிப்புக்கு இரண்டடிப் பட்டையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். நவம்பர் மழைக்குப் பிறகு அழுகின செடியும் அந்தப் பட்டையில்தான் அதிகம்.

ஆவணி மூலையில் கதை தலைகீழ். அங்கே இரண்டுக்கு இரண்டு 17 கிலோ, மூன்றுக்கு மூன்று 11. மூன்றடி விட்ட இடத்தில் செடிக்குச் செடி கைகோக்கவே இல்லை, நடுவில் மண் தெரிந்தபடியே பூத்துக் காய்த்து முடிந்தது.

அடுத்த வருசம் ஆனியில் விதை ஊன்ற முடிந்தால் முழுக்க நாலுக்கு இரண்டு. மழை தள்ளிப்போய் ஆவணி ஆகிவிட்டால் இரண்டுக்கு ஒன்றரை வரை இறங்கலாமா என்று யோசிக்கிறேன்.

---

வேளாண்_மாணவி | டிசம்பர் 27

அண்ணா, மிகவும் சந்தோசம். ஆவணிக்கு இரண்டுக்கு ஒன்றரை சரியாக வரும், ஏக்கருக்கு 14,520 செடி. ஆனால் வரிசை நாலுக்கு ஒன்று விட்டுவிட்டுப் பாதை வையுங்கள். ஒரு வருசக் கணக்கு ஒரு மழையின் கணக்கு, அடுத்த வருசமும் கயிறு கட்டி நிறுத்துப் பாருங்கள்.

---

கீரைப்பாத்தி | டிசம்பர் 28

காயவைத்தால் எவ்வளவு நிற்கிறது தம்பி?

---

தாராபுரம்_தோட்டம் | டிசம்பர் 28

உரித்த பச்சை இதழ் ஒன்பது, பத்து கிலோவுக்கு ஒரு கிலோ அக்கா. பூத்த மூன்றாவது வாரத்தில் பறித்தால் அந்தக் கணக்கு நிற்கிறது. தள்ளிப்போனால் உள்காய் முற்றி நார் விழுகிறது. அப்புறம் இன்னொன்று, விடியற்காலையில் பறித்தால் காம்பு விரலிலேயே டக்கென்று ஒடிகிறது. பத்து மணிக்கு மேல் வளைகிறதே தவிர ஒடிவதில்லை, கத்தரி வேண்டியிருக்கிறது. நாளைக்கு நாலாம் பறிப்பு, ஐந்தரைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.